வீக்கம் வற்றும்வரை

அன்று பெண்கள் வார்ட்டில் நடந்த பேச்சைத் தனலெட்சுமி பிறகு பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை அது அப்படியே வரிசையாக வந்து நிற்கும்.

டொக்டர் தர்மசேன கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கையில் கொழும்பிலிருந்து வந்த இரத்தப் பரிசோதனை முடிவு. கட்டிலில் தோட்டவெளி எடித், ஐம்பது வயதைத் தாண்டிய கருவாட்டுக்காரி, வலது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள். மீன் வெட்டும்போது பாதத்தில் ஏறிய கெளிறு முள் காலை முழங்கால்வரை வீங்க வைத்திருந்தது. டொக்டருக்குத் தமிழ் வராது. எடித்துக்குச் சிங்களம் வராது. வார்ட்டில் வேலை செய்த தனலெட்சுமிக்கு இரண்டும் வரும் என்பதால் அவளை இருவருக்கும் நடுவில் நிறுத்தியிருந்தார்கள்.

"கழுத்துல இருக்கிற கட்டி எப்போலேர்ந்து இருக்குன்னு கேக்கிறாரு."

"குமராய் இருக்கேக்கை இருந்து. அது தன்ரபாட்டில கிடக்கு. காலில முள்ளு ஏறினதுக்குக் கழுத்தை ஏன் விசாரிக்கிறார்?"

தனலெட்சுமி கேட்டுச் சொன்னாள். காய்ச்சலோடு கொண்டுவந்து போட்ட அன்று எடித் மந்தமாகக் கிடந்தாளாம். கேட்டதற்கு இழுத்து இழுத்துப் பதில் சொன்னாளாம். கழுத்தில் கட்டியும் இருந்ததால், அனுப்புகிற இரத்தத்தோடு தைரொயிட் சுரப்பியையும் பார்க்கச் சொல்லி எழுதிவிட்டாராம்.

"இப்ப அந்த இலக்கம் குறைவா வந்திருக்குங்க. ஆனா காய்ச்சலும் வீக்கமும் ஏறியிருக்கிற நேரத்துல அதைப் பாத்திருக்கக் கூடாதாம். அவசரப்பட்டுட்டேன்னு சொல்றாரு."

"தான் பிழை விட்டனெண்டு அவர் தன்ர வாயால சொல்லுறாரோ?"

"ஆமாங்க."

"டொக்டர்மார் அப்பிடிச் சொல்லாயினம். உதுக்குப் பின்னால வேறை என்னமோ கிடக்கு. நல்லாக் கேள்."

டொக்டர் நீளமாகச் சொன்னார். கழுத்துச் சுரப்பி இரத்தத்தில் விடுகிற சரக்கு அப்படியே வேலைக்கு ஆகாது. உடம்பின் மற்ற உறுப்புகள்தான் அதை வேலை செய்கிற விதமாக மாற்றிக்கொள்கின்றன. உடம்பில் கிருமி புகுந்து வீக்கம் ஏறியிருக்கும்போது இரத்தத்தில் ஓடுகிற சில பொருட்கள் அந்த மாற்றத்தை அமர்த்திவிடும். சரக்கின் ஒரு பங்கு பயன்படாத வடிவத்துக்குத் திரும்பிவிடும். மூளையிலிருந்து சுரப்பிக்கு வருகிற கட்டளையும் தளரும். பங்கீட்டில் கொடுத்த மண்ணெண்ணெயைப் பல நாளைக்கு வைத்துக்கொள்ள நீங்கள் விளக்குத் திரியைக் குறைப்பதில்லையா, அதைப் போல, என்றார். விளக்கில் பழுது இல்லை.

எடித் அதை முழுதும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"என்ர மச்சாள் றஞ்சிதத்துக்கும் இதே சுரப்பிதான். அவளின்ரை இலக்கமும் குறைவுதான். அவளுக்குக் குளிசை குடுத்து, மூண்டு மாதத்துக்கு ஒருக்காக் கொழும்புக் கிளினிக்குக்கு எழுதின துண்டும் குடுத்தவை. அந்தத் துண்டைக் காட்டித்தான் பாஸ் எடுக்கிறவள். எனக்கும் அதே துண்டைத் தரச் சொல்லு."

டொக்டர் தலையசைத்து மறுத்தார். றஞ்சிதத்துக்குச் சுரப்பியிலேயே நோய். இவளுக்குக் காலில்தான் நோய். தேவையில்லாமல் அந்தக் குளிசையை விழுங்கக் கொடுத்தால் நெஞ்சு படபடக்கும். கால் ஆறி ஆறு கிழமை போகட்டும், திரும்பப் பார்ப்போம், இலக்கம் தானாக ஏறிவிடும் என்றார்.

"வீக்கம் வத்துறவரைக்கும் ஏறாதோ?" என்று கேட்டாள் எடித்.

"ஏறாதுங்க. வீக்கம் இருக்கிற வரைக்கும் கொறைஞ்சுதான் இருக்கும்."

"சரி."

அவ்வளவுதான். எடித் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி அதிசயமாகத் திரும்பிப் பார்த்தாள். எடித் கேள்வியை நிறுத்துவது அந்த வார்ட்டுக்கே புதினம்.

ஏனென்றால் எடித்தின் சந்தேகம் தோட்டவெளியில் மட்டுமல்ல, மன்னார் மீன் சந்தையிலும் பேர்போனது. மீனின் செவுளைத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. எடித் வாயையும் திறந்து பார்ப்பாள், பிறகு விற்கிறவனின் முகத்தைப் பார்ப்பாள். கடையில் சீனி நிறுத்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை நிறுக்கச் சொல்வாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் பாதிப் பாவத்தைத்தான் சொல்வாள் என்றும், மீதியைச் சாமியார் எங்காவது கதைத்துவிட்டால் என்ன செய்வது என்று வைத்திருக்கிறாள் என்றும் சந்தையில் பகிடி பண்ணுவார்கள். எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும் அவளுடைய பதில் ஒன்றுதான்: "கடைக்கு." கடற்கரைக்குப் போனாலும் கடைக்கு. கோயிலுக்குப் போனாலும் கடைக்கு.

ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை மூண்ட பிறகு அந்தப் பகிடி குறைந்தது. யார் எங்கே போனார் என்று யாரிடம் யார் கேட்கிறார்கள் என்பதே பெரிய விசயமாகிப் போன காலத்தில், ஊரே எடித்தைப் போலக் கதைக்கத் தொடங்கியது. அவளுக்கு மட்டும் புதிதாகப் பழக வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவளுடைய புருசன் பஸ்ரியன் தொண்ணூறாம் ஆண்டு சனத்தோடு சனமாகப் படகேறி இராமேஸ்வரம் போனவன். போய் இடம் பார்த்துவிட்டு உங்களை எடுப்பேன் என்று சொல்லிப் போனான். இரண்டு வருசத்துக்குப் பிறகு, அங்கே முகாமில் காய்ச்சலில் செத்துப்போனான் என்று ஆள்மாறி ஆள்மாறிச் செய்தி வந்தது. எடித் கேட்ட கேள்வி ஒன்று: "பாத்த ஆள் ஆர்?" பார்த்த ஆளை ஒருவராலும் காட்ட முடியவில்லை. அவள் வெள்ளைச் சேலை கட்டவில்லை, திவசப் பூசையும் கொடுக்கவில்லை. நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று ஊரார் சொன்னார்கள். காதால் கேட்டதற்காக ஒருவனைச் சாகடிக்க அவளுக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

மிஞ்சியிருந்தவன் மகன் வின்சன்ட். கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றவனை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வருசமாகிறது. சிறையில் இருக்கிறான், வழக்கு இன்னும் இல்லை, சுகமாக இருக்கிறான் என்று பங்குச் சாமியார் மூலம் செய்தி வந்தது. "சாமி, நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?" என்று கேட்டாள் எடித். சாமியாருக்கும் அது வேறொருவர் சொன்ன செய்திதான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. கொழும்புக்குப் போய் அவனை ஒருக்கால் பார்க்க வேண்டும். அதற்கு, மன்னாரை விட்டுப் போக ஆமி தருகிற பாஸ் வேண்டும். மகனைப் பார்க்க என்று உண்மையைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். இப்படிப் பிடிபட்டவனின் தாய் எதற்காகக் கொழும்புக்குப் போகிறாள் என்ற பார்வைதான் கிடைத்தது, பாஸ் கிடைக்கவில்லை. நோயாளிகளுக்கு மட்டும், ஆஸ்பத்திரித் துண்டு இருந்தால், வழி இருந்தது. அந்த நேரத்தில்தான் கால் வீங்கியது. அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு குறைந்த இலக்கமும் வந்தது.

தனலெட்சுமி அந்த ஊர்ப் பிள்ளை இல்லை. மலைநாட்டில் அத்தை வீட்டில் தங்கித் தமிழும் சிங்களமும் படித்தவள். தாய் செல்லாயி தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து பெரியமடுவில் காடு வெட்டிக் குடியேறிய சனத்தில் ஒருத்தி. சண்டை அங்கேயும் துரத்த, இருவரும் மன்னார்த் தீவுக்கு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். வாய் திறக்காத பெண் என்று ஆஸ்பத்திரியில் பேரெடுத்தவள். மற்றவர்களின் பேச்சையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதால் தன் பேச்சு குறைந்துபோயிருக்கலாம்.

எடித் அவளையும் விட்டுவைக்கவில்லை.

"ரெண்டு பாஷை கதைக்கிற பிள்ளை, ரெண்டு பக்கமும் கதைக்கும்," என்று வார்ட்டுக்கே கேட்கச் சொன்னாள். "அவர் சொன்னது இவ்வளவு நீளம். நீ சொன்னது இவ்வளவு கட்டை. மிச்சத்தை எங்கை வச்சிருக்கிறாய்?"

"மிச்சத்துல இங்கிலீசு மருந்துப் பேருதாங்க இருந்துச்சு."

"அதைத்தான் ஒளிப்பினம்."

கால் கொஞ்சம் வற்றியதும் புண் ஆறுவதற்குக் குளிசை கொடுத்து எடித்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிழமைக்கு இரண்டு தரம் வந்து மருந்து கட்ட வேண்டும், கொதித்து ஆறிய தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும், மீன் ஊறவைக்கிற உப்புத் தொட்டிப் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

முதல் தரம் வந்தபோது காயம் நன்றாக இருந்தது. அடுத்த தரம் ஓரம் சிவந்திருந்தது. அதற்கடுத்த தரம் பாதம் திரும்பவும் பொங்கி, கட்டை அவிழ்க்கும்போதே மணத்தது. டொக்டர் சீனி நோயா என்று பார்த்தார். இல்லை. குளிசையை மாற்றிக் கொடுத்தார். கால் இறங்கவில்லை. எடித் மட்டும் கவலைப்படவில்லை. மருந்து கட்டுகிற வாங்கில் இருந்துகொண்டு, "இரத்தம் எப்ப எடுப்பினம்?" என்று கேட்டாள். வந்த ஒவ்வொரு தரமும் அதையே கேட்டாள்.

மருந்து கட்டுகிறவர் சீவரத்தினம். பழைய ஆள். அவர் ஒருநாள் தனலெட்சுமியைத் தண்ணீர்த் தாங்கிப் பக்கமாக அழைத்து மெல்லச் சொன்னார்.

"பிள்ளை, அந்த மனுசி குளிசை விழுங்குறேல்லை."

"எப்படிங்க தெரியும்?"

"இந்தக் குளிசைக்கு ஆறாத புண்ணை நான் காணேல்லை. விழுங்காத குளிசை எங்கை போகுது? யோசிச்சுப் பார். மோன் உள்ளுக்கை. அக்கரையில இந்தக் குளிசைக்கு என்ன பாடு எண்டு உனக்குத் தெரியும். மனுசி பொடியளுக்கு அனுப்புது."

"அப்படி இருக்காதுங்க."

"இருக்காதெண்டு உனக்கு என்னெண்டு தெரியும்? நாளைக்கு ஆமிச் சென்றியில பிடிச்சா, ஆர் குடுத்த குளிசை எண்டு கேப்பாங்கள். டொக்டர் குடுத்தவர். ஆர் கட்டினது? நான். ஆர் மொழி சொன்னது? நீ." அவர் விரலைத் தனலெட்சுமியின் பக்கம் நீட்டினார். "திங்கட்கிழமை நான் டொக்டருக்குச் சொல்லப்போறன். நீ அதை ஒழுங்கா மொழிபெயர்த்துச் சொல்ல வேணும்."

கடலுக்கு அக்கரையில், இயக்கப் பொடியள் இருந்த பக்கத்துக்கு, மருந்து போக ஆமி விடாத காலம் அது என்பது தனலெட்சுமிக்கும் தெரியும். சீவரத்தினம் சொன்னது பிழை என்று அவளுக்கு ஏதோ சொல்லியது. ஆனால் சரியாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் யாரைப் பற்றி எது சொன்னாலும் சரியாக இருக்க இடமிருந்தது. அது மட்டும் டொக்டரின் காதில் விழுந்து வாசலில் நிற்கிற ஆமிக்காரன்வரை போனால், எடித்துக்குப் பாஸ் என்ற பேச்சே இல்லை. அவள் மகனைப் பார்க்கப் போகாமல், மகன் இருக்கிற மாதிரி ஓரிடத்துக்கே போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் எடுத்துத் தோட்டவெளிக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. வழியில் ஒரு கிழவர் எங்கே பிள்ளை என்று கேட்டபோது, "கடைக்கு" என்று தன் வாயில் வந்ததைக் கேட்டு அவளுக்கே வியப்பாக இருந்தது.

படலையைத் தள்ளியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆர் அனுப்பினது?"

"யாரும் அனுப்பலைங்க. நானாத்தான் வந்தேன்."

"தானா வாற ஆக்கள் இப்ப ஊரில இருக்கினமோ?"

எடித் முற்றத்தில், பாய்களில் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டுக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியில் இருந்தாள். வலது கால் கணுக்கால்வரை ஓர் அலுமினியச் சட்டிக்குள் இருந்தது. சட்டியில் இருந்தது கலங்கலான தண்ணீர். அதன்மேல் செதில்கள் மிதந்தன. மீன் ஊறிக் கழித்த உப்புத் தண்ணீர். மூக்குக்கே தெரிந்தது.

தனலெட்சுமி குனிந்து சட்டிக்குள் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்? கால் கழுவுறன்."

"கருவாட்டுத் தண்ணியிலயாங்க?"

"உப்புப் புண்ணுக்கு நல்லதெண்டு சொல்லுவினம்."

"சும்மா சொல்லாதீங்கம்மா. வலிக்கலையா?"

"நோகும். முதல் கொஞ்ச நேரம்தான்." தனலெட்சுமியின் கண் கருவாட்டுப் பக்கம் போனதைப் பார்த்துவிட்டு எடித் குரலை உயர்த்தினாள். "உது வேறை தொட்டித் தண்ணி! நான் என்ன சனத்தைக் கொல்லுற ஆளோ?"

"குளிசை எல்லாம் எங்கங்க?"

எடித்தின் முகம் இறுகியது. "அதுதானே பாத்தன். அதைக் கேக்கத்தான் அனுப்பினவை."

"சீவரத்தினம் அண்ணன் நாளைக்கு டொக்டர்கிட்ட சொல்லப் போறாருங்க. நீங்க குளிசையை அக்கரைக்கு அனுப்புறீங்கன்னு."

எடித் சிரித்தாள். தனலெட்சுமி அவள் சிரித்துக் கண்டது அதுதான் முதல் தடவை. வாயில் முன்பல் ஒன்று இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"அக்கரைக்கோ? நான் பக்கத்து வீட்டுக்கு ஒரு கை உப்புக் குடுக்கிறேல்லை. அக்கரைக்கோ அனுப்பப் போறன்?"

காலைச் சட்டியிலிருந்து எடுக்காமலே, அடுப்படியில் கிடந்த அரிசி முட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். தனலெட்சுமி கொண்டுவந்தாள். எடித் அரிசிக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒரு சொப்பிங் பையை இழுத்து எடுத்தாள். சிவப்பும் கறுப்புமான குளிசைகள், ஒன்றுகூட உடைக்கப்படாமல், கொடுத்தது கொடுத்தபடி எல்லாம் இருந்தன.

"வேணாம்னா எறிஞ்சிருக்கலாமே."

"எறிஞ்சா ஆரும் பொறுக்கிக்கொண்டு போய் விப்பினம். பிறகு அதுக்கும் நான்தான் பதில் சொல்ல வேணும்."

"ஏம்மா விழுங்கல?"

எடித் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சொல்வதா விடுவதா என்று நிறுப்பது தெரிந்தது.

"நீதானே சொன்னனி. வீக்கம் வத்துற மட்டும் இலக்கம் ஏறாதெண்டு. ஆறு கிழமையால இரத்தம் எடுக்கேக்கையும் குறைவா இருந்தா அந்த மனுசன் என்ன செய்வார்? துண்டு தரத்தானே வேணும். றஞ்சிதத்துக்குத் தந்தவை. எனக்குத் தராம விடேலுமோ?"

தனலெட்சுமி முற்றத்து மணலிலேயே குந்தி இருந்துவிட்டாள். தான் சொன்னதை இவ்வளவு கவனமாகக் கேட்டு, ஒரு சொல்லையும் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோனவர் வேறொருவரும் இல்லை. டொக்டரை நம்பவில்லை, மருந்தை நம்பவில்லை, இந்த ஒரு வசனத்தை மட்டும் நம்பி அதற்குள் காலை விட்டிருக்கிறாள்.

"அம்மா, நான் சொன்னது சரிதாங்க. ஆனா அது நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. இவ்வளவு வீங்கின காலோட அவரு அந்த ரத்தத்தை எடுக்கவே மாட்டாரு. எடுத்து, இலக்கம் குறைஞ்சு வந்தாலும், கால் வீங்கியிருக்கு, அதனாலதான்னு சொல்லிடுவாரு. கொழும்பில உள்ள டொக்டருங்களும் அதையேதான் சொல்லுவாங்க. வீக்கம் இருக்கிறவரைக்கும் அந்த இலக்கத்தை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க."

"குறைஞ்ச இலக்கம் குறைஞ்ச இலக்கம்தானே?"

"இல்லீங்க. அது கால் சொல்ற இலக்கம். கழுத்து சொல்ற இலக்கம் இல்ல."

எடித் சட்டித் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்:

"இப்பிடியே விட்டாக் கால் கறுக்குமோ?"

"கறுக்குங்க."

"கறுத்தா?"

"வெட்டணும்."

"இஞ்ச வெட்டமாட்டினம். கொழும்புக்குத்தான் ஏத்துவினம். என்ன?"

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். தனலெட்சுமிக்கு முதல் முறையாக யாருடைய பேச்சையும் சொல்லாமல் தன் பேச்சைப் பேச வேண்டியிருந்தது. அது நாக்கில் தடுக்கியது.

"ஒத்தக் காலோட போய் நீங்க அங்க நிக்கிறப்ப, வின்சன்ட் அண்ணன் என்னம்மா நினைப்பாரு?"

பாயில் காகம் ஒன்று வந்து இருந்தது. வழக்கமாகக் கல்லெடுத்து எறிகிற எடித் அதைப் பார்த்தபடி இருந்தாள்.

"தன்னாலதான் எண்டு நினைப்பான்," என்றாள் கடைசியில். பிறகு காலை மெல்லத் தூக்கி மணலில் வைத்தாள். "நீ கெட்டிக்காரி. உதைச் சொல்லத்தான் வந்தனி. போய் அந்தக் கேத்தில்ல தண்ணி கொதிக்க வை."

மறுநாள் சீவரத்தினத்துக்கு முந்தி தனலெட்சுமி டொக்டரின் அறைக்குப் போனாள். சொப்பிங் பையை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னாள். மகனைப் பற்றியும் சொன்னாள். டொக்டர் தர்மசேன தெற்கிலிருந்து வந்து சில மாதமே ஆனவர். குடிக்கிற தண்ணீரைத் தானே போத்தலில் நிரப்பிக்கொள்கிறவர். குளிசைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது அவள் சொன்ன கதையா, நீ அவளுக்காகச் சொல்கிற கதையா?"

"அந்த அம்மாவின் காலை வந்து பாருங்கள், சேர். செதில் ஒட்டியிருக்கிறது."

"மகன் விசயத்தை முதலே சொல்லியிருந்தால் என்ன?"

"சொல்லியிருந்தால் நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்?"

அவர் பேனையை மூடி வைத்தார். பிறகு, இல்லாத நோயை எழுதித் தர முடியாது என்று அந்த அம்மாவிடம் சொல், ஆனால் கால் எனக்கு முழுதாக வேண்டும், இன்றே வார்ட்டில் போடு என்றார். சீவரத்தினத்தைக் கூப்பிட்டுப் பையைக் காட்டினார். சீவரத்தினம் குளிசைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அன்றைக்குப் பிறகு அவர் எடித்தின் காலைக் கட்டும்போது ஒரு கதையும் கதைக்கவில்லை. சந்தேகம் தீர்ந்ததாலா, வேறொரு சந்தேகம் தொடங்கியதாலா என்று சொல்ல முடியாது.

வார்ட்டில் இப்போது தாதி மிஸ்ஸி பக்கத்தில் நின்று விழுங்க வைத்தாள்.

"வாயைத் திறவுங்கோ. நாக்கைத் தூக்குங்கோ."

"சென்றியில கூட இப்பிடி வாய்க்குள்ளை தேடேல்லை, மிஸ்ஸி," என்றாள் எடித்.

கால் வற்றியது. தோல் உரிந்து, கீழே புதுத்தோல் வந்தது. உடம்பு தேறும்போது மூளையின் கட்டளை கொஞ்ச நாள் கூடுதலாகவும் ஏறும், அப்போது பார்த்தாலும் பிழையான முடிவு வரும் என்று டொக்டர் சொன்னதால், வீட்டுக்கு விட்ட பிறகும் பொறுத்தார்கள். அதன்பின் எடுத்த இரத்தம் ஐஸ் பெட்டியில் கொழும்பு போனது. முடிவு வந்தபோது தனலெட்சுமிதான் படித்துச் சொன்னாள். எல்லா இலக்கங்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கழுத்துக் கட்டி சும்மா கட்டி.

"வடிவாப் பார். ஆற்றையேன் இரத்தத்தோட மாறியிருக்கும்."

"உங்க பேருதாங்க."

"அப்ப எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை."

சுகம் என்ற செய்தியை அப்படி ஒரு முகத்தோடு கேட்ட நோயாளியைத் தனலெட்சுமி அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எடித் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு காலாலும் நேராக நடந்து வெளியே போனாள்.

கொஞ்ச நாளில், பிள்ளைப்பேற்றில் சிக்கலான ஒரு பெண்ணைக் கொழும்புக்கு ஏற்ற வேண்டி வந்தது. கூடப் போகிற ஆளாக டொக்டர் தனலெட்சுமியின் பெயரை எழுதினார். சிங்களம் தெரிந்தவள் வேண்டும் என்று காரணம் சொன்னார். அங்கே இரண்டு நாள் நின்று வரலாம், அவசரமில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. அவர் எதையாவது நினைத்துச் செய்தாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

செய்தி எப்படித் தோட்டவெளிக்குப் போனதோ, ஆம்புலன்ஸ் புறப்படுகிற காலையில் எடித் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். கையில் ஒரு பொட்டலமும் இல்லை.

"ஏதும் தந்துவிட்டா உன்னைத்தான் இறக்கி விசாரிப்பாங்கள்," என்றாள். மகனின் முழுப்பெயரையும் அவன் இருக்கிற இடத்தையும் மெல்லச் சொன்னாள். திரும்பச் சொல்ல வைத்தாள். இன்னொரு தரமும் சொல்ல வைத்தாள். பின்னுக்கு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தனலெட்சுமியின் கையைப் பிடித்தாள். உப்பில் வெடித்த கை.

"அவனைக் காட்டினாங்கள் எண்டா, பிள்ளை, சுகமோ எண்டு கேக்காதை. சுகம் எண்டுதான் சொல்லுவான். எழும்பி நிக்கச் சொல்லு. ஒருக்கா அங்காலையும் இஞ்சாலையும் நடக்கச் சொல்லு. கையை நீட்டி விரலை மடக்கிக் காட்டச் சொல்லு. எல்லாத்தையும் நீ கண்ணாலை பார். வந்து நீ பாத்ததை மட்டும் எனக்குச் சொல்லு. அவன் சொன்னதைச் சொல்லவேண்டாம்."